சக்கரம் மாட்டிய பின் தட்டுப் பிரேக் உரசுவது ஏன்?



தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. பள்ளிக்கு வரவும், கடைக்குச் சென்று மீளவும், மாலையில் திடலுக்குப் போகவும் அதுவே துணை. செம்பனை மட்டையின் முள் குத்திச் சக்கரம் காற்றிழப்பது நம் பாதைகளில் அன்றாட நிகழ்ச்சி. அவ்வாறு காற்றிழந்த சக்கரத்தைக் கழற்றி, உட்குழாய்க்கு ஒட்டுப் போட்டு, மீண்டும் மாட்டிச் சுழற்றிப் பார்க்கும்போது, முன்பு இல்லாத ஓர் ஓசை எழுவதுண்டு. 'சர்ர்' என்று இடைவிடாமல் சிலருக்கு, 'சக்... சக்...' என்று விட்டுவிட்டுச் சிலருக்கு. மிதித்தால் வண்டி கனக்கிறது. தட்டுப் பிரேக் பூட்டிய வண்டிகளில் மிகுதியாகக் காணப்படும் இக்குறையைப் பற்றியே இங்குக் காணவிருக்கிறோம்.

ஓசை பிரேக்கிலிருந்து வருவதால், குற்றமும் பிரேக்கில்தான் இருக்கும் என்று கருதி உடனே அதன் திருகுகளைத் திருகத் தொடங்குவோர் பலர். சற்றே சிந்தித்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் பிரேக் உரசவில்லை. மாட்டிய பின் உரசுகிறது. இடையில் பிரேக்கை எவரும் தொடவில்லை. கழன்று மீண்டது சக்கரம். ஆகவே முதலில் ஐயுற வேண்டியது சக்கரத்தையே. கோணலாக மாட்டிய சக்கரத்துக்கு ஏற்பப் பிரேக்கையும் நகர்த்திவிட்டால் ஓசை அடங்கிவிடும். ஆனால் சக்கரம் கோணலாகவே இருக்கும். அது எத்துணைப் பெரிய இடர் என்பதைப் பின்னர் விளக்குகிறேன்.

இந்தத் தொல்லையை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பால்வாளிகளைச் சுமந்த அந்நாளைய ராலே வண்டிகளில் கம்பிப் பிரேக் இருந்தது. கைப்பிடியை அழுத்தினால் கம்பி மேலேறி, இரண்டு ரப்பர்க் கட்டைகளைச் சக்கர வளையத்தின் உட்புறத்தில் சென்று அழுத்தும். முள் குத்தினாலும் சக்கரத்தைக் கழற்றுவது அரிது. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, உட்குழாயை வெளியே இழுத்து, வண்டியில் இருந்தபடியே ஒட்டுப் போடுவார்கள். சக்கரம் சிறிது ஆடினாலும் ரப்பர்க் கட்டை அதைப் பொருட்படுத்தாது. அதற்கும் வளையத்துக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்.

தட்டுப் பிரேக் அத்துணைப் பொறுமை உடையதன்று. அதன் அமைப்பைப் பாருங்கள். சக்கரத்தின் நடுக்குடத்தில், ஓட்டுநரின் இடப்பக்கத்தில், மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. கடைக்காரர் அதனை 'டிஸ்க்' என்பார். புதிய தட்டின் கனம் பெரும்பாலும் 1.8 மில்லிமீட்டர் அளவே. அத்தட்டைக் கவ்விப் பிடிப்பதற்கு முன் கவையில் ஒரு கவ்வி உள்ளது. அது 'காலிப்பர்' எனப்படும். கவ்வியின் வாய்க்குள் இரு புறமும் இரண்டு உரசுகட்டைகள் உள்ளன. இவற்றைப் 'பேட்' என்பர். கைப்பிடியை அழுத்தும்போது கட்டைகள் தட்டை நெருக்குகின்றன, விட்டதும் விலகுகின்றன. விலகிய நிலையில் ஒவ்வொரு பக்கமும் இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு தடித்த அட்டையின் கனம் என்று கொள்ளலாம். அச்சு தன் இருப்பிடத்தில் ஒரு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும். தட்டு ஒரு பக்கக் கட்டையைத் தொட்டுவிடும்.

இப்படி நுட்பமான பிரேக்கை ஏன் வைத்தார்கள் என்னும் ஐயம் எழலாம். நம் செம்மண் பாதையே அதற்கு விடை. மழை பெய்தால் சக்கர வளையம் சேறாகிவிடும். ரப்பர்க் கட்டை வழுக்கும். நடுக்குடத்துக்கு அருகில் உயரத்தில் இருக்கும் தட்டு அவ்வளவு எளிதில் சேறாவதில்லை. இம்முறை புதியதும் அன்று. 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செஸ்டர் மோட்டார் வண்டிக்கான தட்டுப் பிரேக் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், தட்டுப் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின் உலகம் அதன் சிறப்பை உணர்ந்தது. கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைக் கடந்து, மலைப்பாதை மிதிவண்டிகள் வழியாக அது நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்துள்ளது.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். 160 மில்லிமீட்டர் தட்டில் கட்டை அழுத்தும் இடம் நடு அச்சிலிருந்து ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. 33ஐ 7.5ஆல் வகுத்தால் 4.4 வரும். அதாவது, டயர் தரையில் தடுக்கும் விசையைப் போல் நான்கு மடங்குக்கும் மிகுதியான விசை தட்டுக்கும் கட்டைக்கும் இடையே எழ வேண்டும். அவ்வளவு பெரிய விசை எத்திசையில் செல்கிறது என்பதுதான் இப்பாடத்தின் உயிர்நிலை.

முன் சக்கரத்தை இடப்பக்கத்திலிருந்து நோக்குங்கள். கவ்வி பெரும்பாலும் கவையின் பின்புறத்தில் இருக்கிறது. வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரத்தின் பின்பகுதி மேல்நோக்கிச் சுழல்கிறது, தட்டும் அவ்வாறே. கட்டைகள் அதைக் கவ்வியதும், மேலேறும் தட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. தட்டோடு அச்சும் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. அச்சு உட்காரும் பிளவோ கீழே வாய் திறந்திருப்பது! எனவே, முன் பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அச்சின் இடமுனையைப் பிளவிலிருந்து வெளியேற்ற ஒரு விசை முயல்கிறது. சரியாக இறுக்கிய அச்சு அதற்கு அசையாது. அரைகுறையாக இறுக்கிய அச்சோ சிறிது சிறிதாக நழுவும். அவ்வாறு நழுவும்போது முதலில் கேட்பது அதே 'சர்ர்' ஓசைதான். ஓசையைக் குறையாக மட்டும் கருதாமல், அச்சு ஒழுங்காக உட்காரவில்லை என்னும் அறிவிப்பாகவும் கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பிரேக்கை நகர்த்தி ஓசையை அடக்கியவன் அந்த அறிவிப்பின் வாயை அடைத்தவனாகிறான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பிள்ளைகள் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைக் கழற்றுவது வழக்கம். கழற்றுவதற்கு அது வசதியே. ஆனால் இறுதியாக இறுக்கும்போது வண்டி தன் இரு சக்கரங்களின் மேல் நேராக நிற்க வேண்டும். தலைகீழாக இருக்கும் வண்டியில் சக்கரத்தின் சிறு எடை மட்டுமே அச்சைப் பிளவுக்குள் அழுத்துகிறது. நேராக நிற்கும் வண்டியிலோ வண்டியின் எடையே அச்சைப் பிளவின் அடிவரை கொண்டு சேர்க்கிறது. வண்டியை நிமிர்த்தி, சமதரையில் நிறுத்தி, அச்சின் பிடியைத் தளர்த்துங்கள். கைப்பிடித் தண்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து நன்றாகக் கீழே அழுத்துங்கள். 'டொக்' என்று அச்சு உட்காருவது சில வேளைகளில் காதுக்கே கேட்கும். அந்நிலையிலேயே இறுக்க வேண்டும். முன் சக்கரத்தில் எழும் உரசல் பெரும்பாலும் இவ்வொரு செயலாலேயே நின்றுவிடுகிறது. கருவி ஒன்றும் தேவையில்லை, செலவும் இல்லை.

இறுக்கும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். விலை குறைந்த வண்டிகளில் அச்சின் இரு முனைகளிலும் மரைகள் இருக்கும். 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். ஒரு பக்க மரையை முற்றிலும் முறுக்கிவிட்டு மறுபக்கம் செல்லாதீர்கள். வலப்பக்கம் சிறிது, இடப்பக்கம் சிறிது என மாறிமாறி முறுக்க வேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் அச்சு அப்பக்கமாக இழுபட்டுச் சக்கரம் சாயும்; பின் சக்கரத்தில் இது மிகுதி. முன் அச்சில் கொக்கியுள்ள வளையம் ஒன்று இருந்தால், அக்கொக்கி கவையில் உள்ள சிறு துளைக்குள் நுழைந்திருக்க வேண்டும். மரை தளர்ந்தாலும் சக்கரம் விழாமல் தடுப்பது அதுவே. ஒட்டுப் போடும் அவசரத்தில் வாசல் திண்ணையில் மறந்துவிடப்படும் சாமானும் அதுவே.

வேறு சில வண்டிகளில் மரைக்குப் பதிலாக நெம்புபிடி இருக்கும். இதனைக் 'குயிக் ரிலீஸ்' என்பர். இதனை மரை போலச் சுற்றிச் சுற்றி இறுக்குவது தவறு. மறுமுனையில் உள்ள சிறு மரையைக் கையால் முறுக்கி அளவைச் சரிப்படுத்திய பின், நெம்புபிடியை மடக்கியே மூட வேண்டும். பிடி பாதி மடங்கி அச்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் நிலையிலேயே இறுக்கம் தென்பட வேண்டும். முழுதும் மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். விரல் நுனியால் எளிதாக மூட முடிந்தால் அது போதாது. திறந்து, மறுமுனை மரையை இன்னும் கால் சுற்று முறுக்கி, மீண்டும் மூடிப் பாருங்கள். கவையின் முனைகளில் சிறு விளிம்புகள் இருப்பதால், சக்கரத்தைக் கழற்றும்போது அம்மரையைப் பல சுற்றுகள் தளர்த்தியிருப்பீர்கள். அத்தனை சுற்றுகளையும் திரும்ப முறுக்க மறந்துவிட்டு, பிடியை மட்டும் மடக்கிவிடுவது பலரும் செய்யும் பிழை.

இந்நெம்புபிடி பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 2015ஆம் ஆண்டில் டிரெக் என்னும் மிதிவண்டி நிறுவனம், அமெரிக்காவில் ஏறத்தாழ 9 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முன் சக்கரத்தின் நெம்புபிடி சரிவர மூடப்படாமல், அளவுக்கு மீறித் திறந்து, தட்டுக்குள் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதே காரணம். சிக்கினால் சக்கரம் சடுதியில் நின்றுவிடும், அல்லது கழன்றுவிடும். அத்தகைய ஒரு விபத்தில் ஒருவருக்குக் கைகால்கள் செயலிழந்தன. அப்போது கூறப்பட்ட சோதனை நம் மாணவர்கள் எவரும் செய்யக்கூடியது. நெம்புபிடியை முழுதும் திறந்து, அதன் முனைக்கும் தட்டுக்கும் இடையே ஒரு சாதாரணப் பென்சிலை நுழைத்துப் பார்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் பென்சில் நுழையும். நுழையாவிட்டால் அவ்வண்டியை ஓட்டாமல் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். பிடியை மாற்றித் தருவார்கள்.

கவையையே ஊடுருவிச் சென்று மறுபக்கத்தில் மரையாகப் பொருந்தும் தடித்த அச்சுகளும் இக்காலத்தில் வந்துள்ளன. அவற்றில் சக்கரம் கோணலாக உட்காருவது அரிது. வாங்கும் நிலையில் உள்ளோர் இதனையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

சக்கரம் செம்மையாக உட்கார்ந்த பின்னும் உரசினால் மட்டுமே பிரேக்கை ஆராய வேண்டும். அப்போது காது ஒரு நல்ல கருவி. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெல்லச் சுழற்றுங்கள். ஓசை இடைவிடாமல் கேட்டால் கவ்வி நடுவில் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் கேட்டால் தட்டு எங்கோ வளைந்திருக்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் கருவியை எடுப்பது வீண்.

கண்ணாலும் காணலாம். எழுத்துப் புத்தகத்தின் வெள்ளைத் தாள் ஒன்றைக் கவ்விக்குப் பின்னால் பிடித்து, எதிர்ப்புறத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். தட்டின் இரு புறமும் வெண்கோடு போல் வெளிச்சம் தெரிய வேண்டும். எந்தப் பக்கக் கோடு மறைந்துள்ளதோ அந்தப் பக்கமே உரசுகிறது.

கவ்வியை நடுவாக்குவது கடினமன்று. அதனைக் கவையோடு பிணைக்கும் இரண்டு திருகாணிகளையும் 5 மில்லிமீட்டர் எல் சாவியால் கவ்வி அசையும் அளவுக்குத் தளர்த்துங்கள், கழற்றிவிட வேண்டா. தம்பியையோ தங்கையையோ கைப்பிடியை அழுத்திப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். அழுத்தும்போது இரு கட்டைகளும் தட்டைக் கவ்வுவதால், கவ்வி தானாகவே தட்டுக்கு நேராக வந்து நிற்கும். பிடியை விடாமலேயே திருகாணிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை முழுதும் இறுக்கினால் கவ்வி அதனோடு சுழன்று மீண்டும் இடம் மாறும். இருவர் சேர்ந்து செய்யும் வேலை இது.

மேற்கூறியது இரு கட்டைகளும் நகரும் பிரேக்குக்குப் பொருந்தும். நம் தோட்டத்தில் காணும் வண்டிகள் பலவற்றில் இழுகம்பியால் இயங்கும் பிரேக்கே உள்ளது. அதில் வெளிக்கட்டை மட்டுமே நகரும். அது தட்டைச் சிறிது வளைத்து, அசையாத உட்கட்டையின் மேல் கொண்டுபோய் அழுத்துகிறது. ஆகவே உட்கட்டை தட்டுக்கு மிக அருகில், தொடாமல் இருக்க வேண்டும். கவ்வியின் உட்புறத்தில், சக்கரத்தின் கம்பிகளை நோக்கியபடி, அக்கட்டையை நகர்த்தும் திருகு இருக்கும். ஓசை நிற்கும்வரை அதனைச் சிறு சிறு அளவாகத் தளர்த்துங்கள். அளவு மீறித் தளர்த்தினால் தட்டு வெகுவாக வளைய வேண்டியிருக்கும், பிரேக்கும் பிடிக்காது. பிறகு வெளிக்கட்டையை இழுகம்பியின் முனையில் உள்ள உருளை மரையால் சரிப்படுத்தலாம்.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கில் வேறொரு தொல்லை உண்டு. சக்கரம் வெளியே இருக்கும்போது யாரேனும் விளையாட்டாகக் கைப்பிடியை அழுத்திவிட்டால், நடுவில் தட்டு இல்லாததால் கட்டைகள் இரண்டும் நெருங்கிவிடும். சக்கரத்தை மாட்டும்போது தட்டு நுழையாது, நுழைந்தாலும் கடுமையாக உரசும். டயர் நெம்பும் நெகிழித் தகட்டைக் கட்டைகளுக்கு நடுவே செலுத்தி மெல்ல விலக்க வேண்டும். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் கட்டை பழுதாகும். சக்கரத்தைக் கழற்றிய உடனே, மடித்த அட்டைத் துண்டு ஒன்றைக் கவ்வியின் வாயில் செருகி வைத்தால் இத்தொல்லையே வாராது.

தட்டு வளைந்திருந்தால், வளைந்த இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, தூய துணியால் பற்றி, எதிர்ப்புறமாக மிகச் சிறிதளவு வளைத்துப் பார்க்கலாம். இதனைப் பெரியவர்களே செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர் கையில் தட்டு மேலும் கெடும். தேய்ந்து 1.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட தட்டை நிமிர்த்துவதில் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

மழைக்குப் பின் எழும் மெல்லிய 'ஸ்ஸ்' ஓசைக்கு அஞ்ச வேண்டா. மணல்துகள் ஒன்று சிக்கியிருக்கும். இரண்டு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். தூக்கிச் சுழற்றினால் சக்கரம் தடையின்றிப் பல சுற்றுகள் சுற்றுகிறதென்றால், அந்தச் சிறு ஓசைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாழாக்க வேண்டியதில்லை.

பெற்றோர்கள் கண்டிப்பாகத் தடுக்க வேண்டியவை மூன்று. ஓசை கேட்டதும் தட்டின் மேல் எண்ணெய் விடுவது முதலாவது. சங்கிலிக்கு எண்ணெய் நல்லது; தட்டுக்கு அது நஞ்சு. உரசுகட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் பிரேக் வழுக்கும். கட்டையையே மாற்ற வேண்டிவரும். தட்டை மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் சாராயத்தால் துடைக்கலாம். செம்பனைப் பழம் பொறுக்கிய கையால் அதைத் தொடவும் கூடாது. சுழலும் தட்டின் அருகே விரலைக் கொண்டுபோவது இரண்டாவது. அதன் துளைகள் விரல் நுனியைத் துண்டித்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்த தட்டு, தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகவும் இருக்கும். மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடிது. உரசுகிறதென்று பிரேக்கையே கழற்றி எறிவது. பாசிக்கல் லாஜாக் என்று நாட்டில் வழங்கும் மாற்றியமைத்த மிதிவண்டிகள் பலவற்றில் பிரேக் இருப்பதில்லை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை, ஜொகூர் பாருவில் அத்தகைய வண்டிகளில் சென்ற சிறுவர் எண்மர் கார் மோதி உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயினும் பிரேக் இல்லாத வண்டி எதுவும் நம் பள்ளியின் வாயிலுக்குள் வரக்கூடாது என்பதில் ஆசிரியர்கள் உறுதியாக உள்ளோம்.

வேலை முடிந்ததும் நேரே சாலைக்குப் போக வேண்டா. முதலில் வண்டியில் ஏறாமல், அதன் பக்கத்தில் நின்று முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் உலுக்குங்கள். அச்சுப் பகுதியில் 'டக்' என்று அசைவு தெரிந்தால் மீண்டும் இறுக்க வேண்டும். அடுத்து, முன்பகுதியைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் கையால் ஓங்கித் தட்டுங்கள். சக்கரம் இடம்விட்டு அசையக்கூடாது. அதன் பின் பள்ளித் திடலில் நடை வேகத்தில் ஓட்டி, ஐந்தாறு முறை பிரேக் பிடித்து நிறுத்துங்கள். இறங்கி நெம்புபிடியையோ மரையையோ மீண்டும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில், பள்ளிப் பையை மாட்டிக்கொள்வதற்கு முன் இன்னொரு முறை.